பழைய ஜீப் வகை வண்டியின் பாடியை வீட்டிலேயே இரண்டு அங்குலம் உயர்த்தும் முறை

பாடி லிஃப்ட் என்பது வண்டியின் பாடியை மட்டும் சேசிஸிலிருந்து உயர்த்தி, இடையில் கெட்டியான ஸ்பேசர்களை வைத்து, நீளமான போல்ட்டுகளால் மீண்டும் முடுக்கும் வேலை. எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்சில், ஸ்பிரிங் ஆகிய எதுவும் இதில் இடம் மாறுவதில்லை. ஆகவே பாடியை 50 மி.மீ. உயர்த்திய பிறகும், ஆக்சிலின் நடுவில் தொங்கும் பல்சக்கரக் கூடாகிய டிஃபரன்ஷியல் முன்பு எந்தக் கல்லில் இடித்ததோ அதே கல்லில்தான் இடிக்கும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கிடைக்கும் இடமே இந்த வேலையின் பயன். அந்த இடத்தில் 50 மி.மீ. கூடுதல் விட்டமுள்ள டயரைப் பொருத்தினால், அதில் பாதியாகிய 25 மி.மீ. அளவுக்கு ஆக்சில் தரையிலிருந்து உயரும். ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தும்போது, கியர் பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு மாறி ஜாயிண்டுகள் தேய்வதுண்டு; பாடி லிஃப்டில் அந்தத் தொல்லை இல்லை. எஞ்சினின் எடையும் தாழ்ந்தே இருப்பதால் வண்டி கவிழும் அபாயமும் அவ்வளவு கூடுவதில்லை. பழைய வண்டிக்கு நான் இதையே முதலில் பரிந்துரைப்பது இதனால்தான்.

தனிச் சேசிஸ் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே இந்த முறை பொருந்தும். வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முன்னிருந்து பின்வரை இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள் ஓடி, அவற்றின் மேல் ரப்பர் புஷ்களின் (அதிர்வைத் தாங்கும் மெத்தைகளின்) வழியாகப் பாடி உட்கார்ந்திருந்தால் தொடரலாம். பாடியும் சேசிஸும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்ட வண்டியில் உயர்த்துவதற்கு இடையே ஒன்றுமில்லை. அதே இடத்தில் படுத்தபடி, ஒவ்வொரு புஷ் அமரும் இடத்தையும் ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையால் அழுத்திக் குத்துங்கள். தகடு உள்ளே நொறுங்கினால் முதல் வேலை அந்தத் துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பதே. அதை முடிக்காமல் லிஃப்டைத் தொடக்கூடாது. வண்டியின் அமைப்பை மாற்ற உங்கள் பகுதியின் மோட்டார் வாகன விதிகள் எந்த அளவுக்கு இடம் தருகின்றன என்பதையும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதையும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் இணைப்புகளைத் தேடுங்கள்

ஸ்பேசரை உள்ளே நுழைப்பது எளிது. பாடியில் ஒரு முனையும் சேசிஸிலோ எஞ்சினிலோ மறுமுனையும் கொண்ட குழாய்கள், கம்பிகள், கேபிள்கள், தண்டுகள் ஆகியவற்றில் ஒன்றைக்கூட விடாமல் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. ஒரு சுண்ணக்கட்டியுடன் வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு இணைப்பிலும் குறியிட்டு, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இதில் ஒரு முழு மாலை பிடித்தது. அதை வீண் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை.

பெரும்பாலான வண்டிகளில் ஸ்டீயரிங் ஷாஃப்ட், பிரேக் பைப், கிளட்ச் பைப் அல்லது கேபிள், கைப்பிரேக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ்கள், ஹீட்டர் ஹோஸ்கள், பெட்ரோல் அல்லது டீசல் ஊற்றும் குழாய், அதனுடன் செல்லும் மெல்லிய காற்றுக்குழாய், வயரிங், எஞ்சினையும் பாடியையும் மின்சாரத்துக்காக இணைக்கும் எர்த் பட்டை ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். ஒவ்வொன்றையும் கையால் பிடித்து அசைத்து, அதில் 50 மி.மீ. தளர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவற்றைக் கழற்றவோ நீட்டவோ வேண்டியிருக்கும்.

எர்த் பட்டையைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நான் முதன்முதலில் உயர்த்திய வண்டியில், எஞ்சினுக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு பின்னல் பட்டையைக் கவனிக்கத் தவறிவிட்டேன். ஜாக்கி ஏறியபோது அது சத்தமில்லாமல் அறுந்துவிட்டது. மறுநாள் ஸ்டார்ட்டர் சோர்வாகச் சுற்றியது, ஆக்சிலரேட்டர் கேபிளின் உறையோ தொட முடியாத சூட்டில் இருந்தது. திரும்பும் வழியை இழந்த ஸ்டார்ட்டர் மின்னோட்டம் முழுவதும் அந்த மெல்லிய கேபிளின் வழியாகப் போயிருக்கிறது. இன்னும் இரண்டு முறை சாவியைத் திருப்பியிருந்தால் உறை உருகிக் கேபிள் இறுகியிருக்கும்.

ஸ்பேசரும் போல்ட்டும்

கெட்டியான நைலான் உருளையையோ அலுமினிய உருளையையோ வாங்கி, லேத் பட்டறையில் கொடுத்துத் துண்டுகளாக வெட்டி, இரு முகங்களையும் சமமாகக் கடைந்து, நடுவில் துளையிட்டு வாங்குவது சிறந்த வழி. விட்டம் 75 மி.மீ. இருந்தால் பெரும்பாலான புஷ்களுக்குப் போதும். எப்படியும் அது புஷ்ஷின் மேல் முகத்தைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது, ஸ்பேசரின் உயரமும் அதன் விட்டத்தைத் தாண்டக்கூடாது. துளை போல்ட்டைவிட 1 மி.மீ. மட்டும் பெரியதாக இருக்கட்டும். எல்லாத் துண்டுகளின் உயரத்தையும் வெர்னியரால் அளந்து, வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் பாடி முறுக்கிக்கொண்டு கதவுகள் சரியாக மூடாது. புஷ்களின் எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் உங்கள் வண்டியில் எண்ணிய பிறகே வெட்டக் கொடுங்கள்.

பனி ஹாக்கியில் பயன்படும் கெட்டி ரப்பர் வட்டுகளைக்கூட இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு. அவை 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் கொண்டவை என்பதால், ஓர் அங்குல லிஃப்டுக்கு ஒரு வட்டு தாங்கும். ஆனால் இரண்டு அங்குலத்துக்காக இரண்டை அடுக்குவதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் அடுக்கிய துண்டுகள் பக்கவாட்டு விசையில் ஒன்றன்மேல் ஒன்று நழுவப் பார்க்கும். மரத்தை எந்த உயரத்துக்கும் பயன்படுத்த வேண்டாம். அது நீரில் ஊறும், காய்ந்தால் பிளக்கும், எடையில் நசுங்கி முடுக்கத்தைத் தளர்த்தும். 50 மி.மீ.க்கு மேல் உயர்த்தினால் போல்ட் தாங்க வேண்டிய வளைவு விசை கூடிக்கொண்டே போகும் என்பதால், வீட்டில் செய்யும் வேலைக்கு அதை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டின் நீளம் பழைய போல்ட்டின் நீளத்துடன் ஸ்பேசரின் உயரத்தைக் கூட்டியது. தரம் 8.8 அல்லது 10.9 என்று தலையில் பொறிக்கப்பட்டதை மட்டுமே வாங்குங்கள். நட்டுகள் நைலான் வளையம் உள்ளவையாகவும் புதியவையாகவும், வாஷர்கள் தடிமனாகவும் அகலமாகவும் இருக்கட்டும்.

கழற்றுதல்

துருவைத் தளர்த்தும் எண்ணெயை மூன்று நாள் முன்பிருந்தே, ஒவ்வொரு மாலையும், எல்லாப் போல்ட்டுகளிலும் விடுங்கள். கழற்றும்போது முதலில் மயிரிழை அளவு முடுக்கி, பிறகு எதிர்த்திசையில் திருப்பினால் துரு உடைந்து வழிவிடும். சில வண்டிகளில் நட் பாடியின் உள்ளே பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தப் பற்று விட்டுப்போனால் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே வராது. அப்போது பலம் கொடுத்துப் பயனில்லை. வண்டிக்குள் தரைவிரிப்பை விலக்கி, நட்டுக்கு நேர் மேலே ஸ்பேனர் நுழையும் அளவுக்குத் தகட்டில் ஒரு சிறு சன்னல் வெட்டி, நட்டைப் பிடித்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள்; வேலை முடிந்ததும் ஒரு தகடு வைத்து மூடி, ஓரங்களில் சீலண்ட் பூசிவிடலாம்.

தூக்குவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். டேங்கில் எரிபொருள் கால்பங்குக்குக் கீழே இருக்கட்டும். சக்கரங்களை நேராக்கி, ஸ்டீயரிங்கைப் பூட்டி, ஸ்டீயரிங் ஷாஃப்ட்டின் இணைப்பின் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்ட பிறகே அதைப் பிரியுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டும். கைப்பிரேக் கேபிளை முழுவதும் தளர்த்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள கூட்டையும் ரேடியேட்டரிலிருந்து விடுவித்துவிடுங்கள்.

தூக்குதல்

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் ஜாக்கியில் இருக்க, மற்றவர் எஞ்சின் பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை முழுவதும் எடுத்துவிடுங்கள். மறுபக்கத்தில் நட்டுகளை மரையின் கடைசிவரை தளர்த்தி, ஆனால் கழற்றாமல் விடுங்கள். பாடி பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்வது அவைதான். சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். கதவுக்குக் கீழுள்ள விளிம்பின் அடியில் இரண்டடி நீளமுள்ள கெட்டிப் பலகையை வைத்து, அதன் நடுவில் ஜாக்கியைக் கொடுங்கள். பலகையில்லாமல் தூக்கினால் பழைய தகடு ஜாக்கியின் தலையளவுக்கு உள்ளே குழிந்துவிடும்.

ஒரு விரற்கடை உயரம் ஏற்றுங்கள், நிறுத்துங்கள், எழுந்துபோய் எல்லா இணைப்புகளையும் பாருங்கள். பிரேக் பைப்பின் வளைவு நிமிரத் தொடங்கியிருக்கும். ஒரு வயர் எங்கோ கிளிப்பில் இறுகியிருக்கும். இறுகியதை விடுவித்த பிறகே அடுத்த விரற்கடை. இடைவெளி திறந்ததும் சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே மரக்கட்டைகளைச் செருகிக்கொண்டே வாருங்கள், ஏனெனில் ஜாக்கியை மட்டும் நம்பி அந்த இடைவெளியில் விரலை விடக்கூடாது. பழைய ரப்பர் புஷ் சேசிஸின் மேலேயே இருக்கட்டும். ஸ்பேசர் அதற்கும் பாடிக்கும் நடுவே வர வேண்டும். அதை ஒரு குச்சியால் தள்ளி நேராக்கி, புதுப் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, பாடியை இறக்கி, மறுபக்கத்துக்குப் போங்கள்.

இரு பக்கமும் முடிந்ததும், கதவுகளின் இடைவெளி சீராக இருப்பதைப் பார்த்துவிட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக, வண்டியின் பட்டறைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். நட்டைத் தாண்டி இரண்டு மூன்று மரைகளாவது வெளியே தெரிய வேண்டும். ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கி வந்தால் முடுக்கம் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

திரும்பப் பூட்டுதல்

ஸ்டீயரிங் ஷாஃப்ட்டில் எந்தச் சமரசமும் செய்யாதீர்கள். பல வண்டிகளில் அந்த ஷாஃப்ட் பல்வரிசைகளின் மேல் நீளும் வகையாக இருக்கும். நீட்டிய பிறகு இறுக்கும் போல்ட் அதற்கான பள்ளத்தில் முழுமையாக உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் நீளமான ஷாஃப்டையே வாங்குங்கள். வீட்டு வெல்டிங்கில் துண்டு சேர்த்து நீட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ரேடியேட்டர் பாடியோடு உயர்ந்துவிட, ஃபேன் எஞ்சினோடு கீழேயே நிற்பதால், ஃபேனின் இறக்கைகள் கூட்டின் கீழ் விளிம்பில் உரசும். கூட்டை அறுத்து இடம் செய்வது சுலபம். ஆனால் ரேடியேட்டரையே பிராக்கெட் செய்து 50 மி.மீ. இறக்குவது மேல், அப்போதுதான் ஃபேன் மீண்டும் அதன் நடுப்பகுதியிலிருந்து காற்றை இழுக்கும். எரிபொருள் ஊற்றும் குழாய்க்கு எரிபொருளைத் தாங்கும் தரமுள்ள நீளமான ஹோஸையே போட்டு, இரு முனையிலும் கிளாம்ப் கொடுங்கள். பிரேக் பைப்பின் வளைவைக் கையால் மெதுவாக விரித்தும் எட்டாவிட்டால் புதுப் பைப் செய்து, பிறகு பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

கியர் லிவர் கியர் பாக்ஸோடு கீழே நிற்க, பாடியின் தரை உயர்ந்திருப்பதால், லிவர் தரைத் துளையின் ஓரத்தில் இடித்து, கியர் முழுவதும் விழாமல் ஓடும்போது நழுவலாம். எஞ்சினை அணைத்த நிலையில் எல்லாக் கியர்களையும், நாற்சக்கர லிவரையும் போட்டுப் பார்த்து, இடிக்கும் இடத்தில் தகட்டை அரம் போட்டு அகலமாக்குங்கள். கைப்பிரேக் கேபிளைச் சரிசெய்த பிறகு பின்சக்கரங்களைத் தரைவிட்டுத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் பிரேக் எப்போதும் பிடித்தபடியே ஓடிச் சூடேறும். எர்த் பட்டைகளை, தேவையென்றால் நீளமாகப் புதிதாகச் செய்து, உலோகம் மின்னும்வரை தேய்த்த இடத்தில் பூட்டிய பிறகே பேட்டரியை இணையுங்கள்.

முதல் ஓட்டம் மெதுவாக, அருகிலேயே இருக்கட்டும். நின்றபடி ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, பிரேக்கை அழுத்தி, கீழே கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டுகளும் பாடியோடு உயர்ந்திருப்பதால், எதிரே வருபவரின் கண் கூசாதபடி அவற்றைத் தாழ்த்திச் சரிசெய்யுங்கள். கடைசியாக, ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்ந்தாற்போல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500 கி.மீ. ஓடியதும் ஒருமுறை அடியில் படுத்துப் பாருங்கள். கோடு முறிந்து தெரியும் இடத்தில் நட் நகர்ந்திருக்கிறது. அங்கு டார்க் ரெஞ்சை வைத்து மீண்டும் முடுக்கி, பழைய கோட்டை அழித்துப் புதிதாக ஒன்று போட்டுவிடுங்கள்.