பழைய லேப்டாப்பில் ஒரு பாட்டு சர்வர்: அமைப்பதும் பேக்கப் எடுப்பதும்

ஹார்டு டிஸ்க், பென்டிரைவ், பழைய ஃபோன் என்று சிதறிக் கிடக்கும் பாட்டுகளை ஒரே இடத்தில் சேர்த்து, வீட்டில் எல்லோரும் அவரவர் ஃபோனில் கேட்கும்படி செய்துவிடலாம். சினிமாப் பாட்டுக்கு மாதச் சந்தா ஆப்களே போதும் என்பீர்கள். சரிதான். ஆனால் தாத்தா கேசட்டில் பதிந்து வைத்த கோயில் கச்சேரியும் பாட்டியின் தாலாட்டும் எந்த ஆப்பிலும் கிடைக்காது. அவற்றுக்காகத்தான் பேக்கப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேவையானவை: விண்டோஸ் ஓடும் பழைய லேப்டாப் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு. லேப்டாப்பின் பேட்டரி இன்னும் தாங்குகிறது என்றால் ரொம்ப நல்லது, கரண்ட் போனாலும் சர்வர் சட்டென்று அணையாது. மென்பொருள் ஜெல்லிஃபின். லேப்டாப்பில் உள்ள பாட்டுகளை வீட்டு நெட்வொர்க் வழியாக ஃபோன்களுக்கு அனுப்புவது இதுதான். 2018இல் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, முழுக்க இலவசம்.

படி 1: பாட்டுகளை ஒழுங்குபடுத்துங்கள்

பலரும் அவசரமாகத் தாண்டிப் போகும் படி இது. ஒரு ஆல்பத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரியுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் இருக்கும் டேக் விவரங்களை (பாட்டின் தலைப்பு, ஆல்பம், பாடகர் போன்றவை) சரிபாருங்கள். மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும்.

நம் சினிமாப் பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே படத்தில் ஆறு பாட்டு, ஆறு பாடகர்கள். ‘ஆல்பம் ஆர்டிஸ்ட்’ என்ற கட்டம் காலியாக இருந்தால் ஒரே படம் துண்டு துண்டாகப் பிரிந்து தெரியக்கூடும். அந்தக் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள், பாடகர்களை ‘ஆர்டிஸ்ட்’ கட்டத்தில் விடுங்கள். பெயரை எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் சர்வர் அவரை வேறு ஆளாக எடுத்துக்கொள்ளும். தமிழிலேயே எழுதலாம், தடையில்லை. கர்நாடகக் கச்சேரி என்றால் ஒரு கச்சேரியை ஒரு ஆல்பமாக வைத்து, ராகத்தைப் பாட்டின் தலைப்போடு சேர்த்துவிடுங்கள். தேடும்போது கைகொடுக்கும்.

சிடி, கேசட்டிலிருந்து மாற்றும்போது ஃப்ளாக் வடிவத்தில் சேமியுங்கள். ஒரு சிடிக்குச் சுமார் 300 மெகாபைட் ஆகும், ஒலியில் எதுவும் குறையாது. எம்பி3 வேண்டுமென்றால் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 2: ஜெல்லிஃபின் நிறுவுதல்

ஜெல்லிஃபின் தளத்திலிருந்து விண்டோஸ் பதிப்பை இறக்கி நிறுவுங்கள். முடிந்ததும் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியை 8096 என்ற போர்ட் எண்ணோடு (localhost:8096) திறந்தால் அமைப்புப் பக்கம் வரும். பயனர் பெயர், வலுவான கடவுச்சொல் கொடுத்து, ‘மியூசிக்’ வகை நூலகம் ஒன்றைச் சேர்த்து, பாட்டு ஃபோல்டரைக் காட்டுங்கள். லேப்டாப் தூங்கிப் போகாமலும், மூடினால் அணையாமலும் இருக்க பவர் செட்டிங்கை மாற்றிவிடுங்கள்.

படி 3: ஃபோனில் கேட்பது

ரவுட்டரில் லேப்டாப்புக்கு நிலையான ஐபி முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். ஃபோனில், ஜெல்லிஃபினில் உள்ள பாட்டுகளைக் கேட்பதற்கான ஃபின்ஆம்ப் ஆப்பை நிறுவி அந்த முகவரியையும் 8096 எண்ணையும் கொடுங்கள். இணையவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வாலில் ஜெல்லிஃபினுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வெளியூரிலிருந்தும் கேட்க வேண்டுமா? ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து வைக்காதீர்கள், உங்கள் சாதனங்களை மட்டும் பாதுகாப்பாக ஒன்றோடொன்று இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள் மூலம் இணையுங்கள்.

படி 4: பேக்கப்

இரண்டு விஷயங்களைக் காப்பாற்ற வேண்டும். ஒன்று பாட்டு ஃபைல்கள். இன்னொன்று பிளேலிஸ்ட், பயனர் கணக்கு போன்ற ஜெல்லிஃபின் விவரங்கள். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது சி டிரைவில், மறைந்திருக்கும் ப்ரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள், ஜெல்லிஃபின் என்ற பெயரில் இருக்கும். நகலெடுக்கும் முன் ஜெல்லிஃபினை நிறுத்திவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் பழுதாக வாய்ப்புண்டு.

நகலெடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் நல்லது. இடப்பக்கம் லேப்டாப் ஃபோல்டர், வலப்பக்கம் வெளி டிஸ்க், முறை ‘மிரர்’, அதாவது வலப்பக்கத்தை இடப்பக்கம் போலவே ஆக்குவது. இங்கே கவனம் தேவை: லேப்டாப்பில் கை தவறி ஒரு பாட்டை அழித்துவிட்டு மிரர் ஓட்டினால் நகலும் அழிந்துவிடும். அதனால் அழிக்கும் முறையில் ‘வெர்ஷனிங்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, தனி ஃபோல்டர் ஒன்றைக் காட்டுங்கள். நீக்கப்பட்டவையும் மாற்றப்பட்டவையும் அங்கே போய்ச் சேரும்.

முதல் டிஸ்க்கில் வாரம் ஒருமுறை நகலெடுத்தபின் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கை வைரஸும் மின்னழுத்தக் கோளாறும் சேர்த்தே தாக்கும். இரண்டாவது டிஸ்க் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. அண்ணன் வீட்டிலோ சித்தி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

படி 5: திரும்ப எடுத்துப் பாருங்கள்

பேக்கப் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, கேசட்டிலிருந்து மாற்றிய பதிவுகளை முதலில் ஓட்டிப் பாருங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஃப்ரீஃபைல்சிங்க்கில் ‘ஃபைல் கன்டென்ட்’ முறையில், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்தையே வைத்து, லேப்டாப்பையும் டிஸ்க்கையும் ஒப்பிடுங்கள். நேரம் பிடிக்கும், இரவில் ஓட விடுங்கள். லேப்டாப்பே போய்விட்டால் புதியதில் அதே ஜெல்லிஃபின் பதிப்பை நிறுவி, நிறுத்திவிட்டு, பழைய விவர ஃபோல்டரை அதே இடத்தில் வையுங்கள். பாட்டு ஃபோல்டருக்கும் முன்பிருந்த அதே டிரைவ் எழுத்தும் பெயரும் இருக்க வேண்டும். இடம் மாறினால் பிளேலிஸ்ட்டில் உள்ள பாட்டுகளை ஜெல்லிஃபினால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பதிப்பு எண்ணையும் ஃபோல்டர் இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு டிஸ்க்கின் உறையிலும் ஒட்டிவிடுங்கள்.