பள்ளி வேலையை விட்ட பிறகு: தனியார் பள்ளி ஆசிரியர்கள் வேறு துறைக்கு மாறுவது எப்படி?

தமிழ்நாட்டில் தனியார் பள்ளியில் சில ஆண்டுகள் பாடம் எடுத்துவிட்டு, இனி வேறு வேலை என்று முடிவு செய்தவர்களுக்கான வழிமுறை இது. பலர் விலகிய மறுநாளே ரெஸ்யூமை கண்ட இடமெல்லாம் அனுப்புகிறார்கள். ஒரு பதிலும் வருவதில்லை. தகுதிக் குறைவு காரணமல்ல. "பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர்" என்ற வரி, ஆள் எடுப்பவருக்குத் தேவையான எதையும் சொல்வதில்லை. அதைச் சொல்லவைப்பதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது.

1. முதலில் காகிதங்கள்

அசல் சான்றிதழ்கள் பள்ளியிடம் இருந்தால், ராஜினாமாக் கடிதத்திலேயே ஒவ்வொன்றையும் பெயர், எண்ணோடு பட்டியலிட்டுத் திருப்பிக் கேளுங்கள். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் பின்னால் காட்ட எதுவும் இருக்காது.

பணிவிடுவிப்பு ஆணை (ரிலீவிங் ஆர்டர்), அனுபவச் சான்று இரண்டும் தனித்தனியாக வேண்டும். அனுபவச் சான்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, எடுத்த வகுப்புகள் இருக்க வேண்டும். இந்தத் தேதிகள் பிஎஃப் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் புது நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பு இழுத்தடிக்கும். இனிஷியலும் அப்படித்தான்: சான்றிதழில் ஒற்றை எழுத்தாகவும், பான் அட்டையில் அப்பா பெயராக விரிந்தும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

பிஎஃப் கணக்கில் விலகிய தேதியைப் பள்ளி பதிவு செய்யவில்லை என்றால், கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் வழியாக நீங்களே பதியலாம். பணத்தை எடுத்துவிடாதீர்கள். புது நிறுவனத்தில் பழைய யுஏஎன் எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்வது நல்லது.

ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் கிராஜுவிட்டி, அதாவது விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை உண்டு. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அது பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதிசெய்தது. கணக்கு இதுதான்: கடைசி மாத அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்குங்கள். 13,000 ரூபாய், 8 ஆண்டு என்றால் 60,000 ரூபாய். எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கேட்காததாலேயே இதை இழப்பவர்கள் நிறைய.

2. ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

பள்ளியில் எந்த வேலையைச் சலிக்காமல் செய்தீர்கள் என்று பாருங்கள். கேள்வித்தாள், நோட்ஸ் தயாரிப்பது என்றால் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன், அதாவது நிறுவன ஊழியர்களுக்கான பயிற்சிப் பாடம் உருவாக்கும் வேலை. பிழை திருத்துவது என்றால் சென்னை, புதுச்சேரியில் உள்ள பதிப்புச் சேவை நிறுவனங்களில் காப்பி எடிட்டிங். பெற்றோரைச் சமாளிப்பது என்றால் வாடிக்கையாளர் சேவை. "அகாடமிக் கவுன்சிலர்" விளம்பரங்களில் மட்டும் கவனம்: பெரும்பாலும் அது விற்பனை வேலை. மாதம் எத்தனை அட்மிஷன் டார்கெட் என்று முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

3. ஒரு மாதிரி வேலை செய்து வையுங்கள்

இதுதான் ரெஸ்யூமைவிட அதிகம் பேசும். இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் பாடத்தை எடுக்காதீர்கள்; அலுவலகத்துக்குப் பயன்படும் தலைப்பு வேண்டும். உதாரணம்: அலுவலகத்தில் தீயணைப்பானைப் பயன்படுத்துவது. ஐந்து நிமிடம், எட்டுத் திரை போதும்.

நான்கு நெடுவரிசை உள்ள அட்டவணை போடுங்கள்: திரையில் வரும் எழுத்து, படம், பேசும் குரல், வடிவமைப்பாளருக்கான குறிப்பு. இதற்குப் பெயர் ஸ்டோரிபோர்டு. ஆங்கிலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 130 சொல் என்று வைத்தால், குரலுக்கு மொத்தம் 650 சொல்லைத் தாண்டக் கூடாது.

ஆசிரியர்கள் இங்கே வழக்கமாக இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, பாடப்புத்தகப் பத்தியை அப்படியே திரையில் ஏற்றுவது. குரல் சொல்வதையே திரையிலும் முழுதாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இரண்டாவது, மனப்பாடத்தைச் சோதிக்கும் கேள்வி. "தீயணைப்பானின் பாகங்கள் யாவை?" வேண்டாம். "மின் இணைப்பில் உள்ள கணினியில் தீ. பக்கத்தில் தண்ணீர் வகை ஒன்று, கார்பன் டை ஆக்சைடு வகை ஒன்று. எதை எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். தண்ணீரைத் தேர்ந்தெடுத்தவருக்கு "தவறு" என்று மட்டும் காட்டாமல், தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தி உங்களையே தாக்கும் என்ற காரணத்தைக் காட்டுங்கள். ஆள் எடுப்பவர் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

பிறகு அதை ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் என்ற, கணினிப் பாடம் உருவாக்கும் மென்பொருளில் செய்யலாம். இலவசச் சோதனைக் காலம் முடிந்துவிடும் என்பதால் ஸ்டோரிபோர்டை முழுதாக முடித்த பிறகே பதிவு செய்யுங்கள்.

4. ரெஸ்யூமை மாற்றி எழுதுங்கள்

பள்ளிச் சொற்களை எடுத்துவிட்டு, செய்த வேலையை அளவோடு எழுதுங்கள். "எமிஸ் வேலை பார்த்தேன்" என்பது "400 மாணவர் விவரங்களை இணையதளத்தில் பதிந்து, பிழை சரிபார்த்தேன்" ஆகட்டும். "பெற்றோர் கூட்டம்" என்பது "ஒரு பருவத்தில் 40 குடும்பங்களின் புகார்களைக் கேட்டுத் தீர்த்தேன்" ஆகட்டும். புது ஆசிரியருக்கு வழிகாட்டியிருந்தால் அது புதியவர்களுக்கான பயிற்சி. எண்கள் உங்களுடைய உண்மையான எண்களாக இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் அங்கிருந்துதான் கேள்வி கிளம்பும்.

இரண்டு பக்கம், ஒரே நெடுவரிசை அமைப்பு போதும்; புகைப்படம் வேண்டாம். ரெஸ்யூம்களை வடிகட்டும் மென்பொருள், இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த அலங்கார வடிவங்களைத் தாறுமாறாகப் படிக்கும். நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் தலைப்பு வரியில் போக விரும்பும் வேலையின் பெயர் இருக்கட்டும். "ஆசிரியர்" என்று விட்டால் பள்ளிகள்தான் கூப்பிடும்.

5. சம்பளப் பேச்சு

நிறுவனங்கள் சொல்வது சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. ஆண்டுக்கு 3,60,000 என்றால் மாதம் 30,000 கைக்கு வராது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்தால், நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 1,800, உங்கள் பங்கு 1,800, கிராஜுவிட்டிக்கு ஏறக்குறைய 720 கழியும். மிச்சம் 25,700-க்குச் சற்றுக் குறைவு; தொழில் வரி தனி. எனவே கைக்கு எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று முன்பணம் கேட்கும் இடத்தை அப்போதே விட்டுவிடுங்கள். சேரும்போது ஒப்பந்தத்தில் "இத்தனை மாதத்துக்குள் விலகினால் இவ்வளவு ரூபாய்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அசல் சான்றிதழைக் கேட்டால், காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.