பாலியல் ஓமோனும் மூளையின் வளர்ச்சிக் காரணிகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தர உயிரியல் விடைத்தாளில் "ஈஸ்திரஜன் பெண் ஓமோன், சூலகம் சுரக்கும்" என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். மூளை விசயத்தில் அது காணாது. ஆணின் மூளையிலும் அரோமற்றேஸ் நொதியம், ஆண் ஓமோன் எனப்படும் ரெஸ்ரொஸ்ரரோனை ஈஸ்திரஜனின் முக்கிய வடிவமான ஈஸ்திரடயோலாக மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அதைவிடப் பெரிய பிழை, ஓமோனை ஒரு பாடமாகவும் வளர்ச்சிக் காரணியை (கலங்களை வளரவும் பிழைக்கவும் தூண்டும் புரதம்) வேறொரு பாடமாகவும் படிப்பது. எலி மூளையில் ஐ.ஜி.எவ்-1 (IGF-1) என்ற வளர்ச்சிக் காரணியின் வாங்கியை (அது வந்து பொருந்தும் புரதத்தை) அடைத்தால், நரம்புக்கலத்தைக் காக்கும் ஈஸ்திரடயோலின் வேலையும் கெடுகிறது. ஈஸ்திரஜன் வாங்கியை அடைத்தால் ஐ.ஜி.எவ்-1 தடுமாறுகிறது. கலத்தினுள் இரண்டும் ஒரே சமிக்ஞைப் பாதைகளில் வந்து சேர்கின்றன. பெண் கனறிப் பறவைக்கு ரெஸ்ரொஸ்ரரோன் கொடுத்தால், மூளையின் பாட்டு மையத்தில் முதலில் குருதிக்குழாய்களை வளர்க்கும் காரணியான வி.ஈ.ஜி.எவ் (VEGF) கூடிக் குருதிக்குழாய்கள் பெருகும். அவற்றின் சுவர்க் கலங்கள் நரம்புக்கலங்களைப் பேணும் காரணியான பி.டி.என்.எவ் (BDNF) சுரக்கும், அதற்குப் பிறகே புதிய நரம்புக்கலங்கள் அங்கே நிலைக்கும். இடையிலுள்ள படிகளை விட்டுவிட்டு "ஓமோன் மூளையை வளர்க்கும்" என்று எழுதுவது அரைகுறை.

ஈஸ்திரஜன் குளிசையும் தோலில் ஒட்டும் ஈஸ்திரஜன் பட்டையும் ஒன்றல்ல. விழுங்கிய ஈஸ்திரஜன் முதலில் ஈரலுக்குப் போகும். குருதியிலுள்ள ஐ.ஜி.எவ்-1 இல் பெரும்பகுதியை ஆக்குவதும் ஈரல்தான், அந்த உற்பத்தி குறைந்துவிடுகிறது. தோல்வழியில் இந்த இறக்கம் மிகச் சிறிது. ஆய்வு முடிவை வாசிக்கையில் மருந்தின் பெயரோடு, அது போன வழியையும் பாருங்கள்.

வயதையும் பாருங்கள். 65 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஈஸ்திரஜனும் புரொஜெஸ்ரினும் (புரொஜெஸ்ரரோன் போன்ற செயற்கை ஓமோன்) சேர்ந்த குளிசை கொடுத்த அமெரிக்க ஆய்வில் (2003) மறதிநோய் ஏறத்தாழ இரு மடங்கானது. இதை 50 வயதுக்காரருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. ஞாபகசக்திக்கு என்று பாமசியில் தானே வாங்கி விழுங்கவும் கூடாது.

ஆய்வுகூடத்தில் அதிகம் சறுக்குவது பி.டி.என்.எவ் அளவீட்டில். குருதிச் சிறுதட்டுகள் இதைச் சேமித்து வைத்து, குருதி உறையும்போது கொட்டிவிடும். அதனால் சீரத்தில் (உறைந்த குருதியிலிருந்து பிரியும் நீர்ப்பகுதி) வரும் எண், உறையவிடாத குருதியின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு, இரண்டையும் ஒப்பிடாதீர்கள். பிளாஸ்மா வேண்டுமென்றால் குருதி உறையாமல் தடுக்கும் ஈ.டி.ரி.ஏ (EDTA) குழாயில் எடுத்து, உடனே பனிக்கட்டியில் வைத்து, தாமதிக்காமல் மையநீக்கம் செய்யுங்கள். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் மேசையில் கிடந்த குழாயை நம்ப வேண்டாம். மாதவிடாய்ச் சுழற்சியின் எத்தனையாம் நாள் என்பதையும் குறியுங்கள்: பெண் எலியின் ஹிப்போகம்பஸில் (ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப்பகுதி), நான்கைந்து நாள் சுழற்சிக்குள்ளேயே நரம்புக்கல முட்களின் (சமிக்ஞை வாங்கும் நுண்ணிய புடைப்புகளின்) அடர்த்தி ஏறத்தாழ 30% ஏறி இறங்குகிறது.