வளர்சிதை மாற்றத்திலிருந்து மரபணு வரை: ஒரே தாளில் வரைந்து பார்ப்பது எப்படி

செல்லின் வளர்சிதை மாற்றத்தில் உருவாகும் சிறு மூலக்கூறுகள் டிஎன்ஏவையும் அதன் பழுதுநீக்கத்தையும் எப்படித் தொடுகின்றன என்று ஒரே படமாக வரையப் போகிறோம். கிரெப்ஸ் சுழற்சியும் (மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றலுக்காக நடக்கும் வினைச்சுழற்சி) ஹிஸ்டோனும் (டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதம்) உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தாள், பென்சில், அழிப்பான் போதும். மென்பொருளில் தொடங்க வேண்டாம். அம்புக்குறிக்கு நிறம் தேடியே பொழுது போய்விடும்.

1. தாளில் மைட்டோகாண்ட்ரியா, சைட்டோபிளாசம், உட்கரு என்று மூன்று கட்டங்கள் போடுங்கள்.

2. அசெட்டைல் கோ-ஏ (அசெட்டைல் என்ற சிறு வேதித்தொகுதியைச் சுமக்கும் மூலக்கூறு) ஹிஸ்டோனுக்கு அசெட்டைல் தரும். டிஎன்ஏவின் இறுக்கம் தளரும். சாம் (எஸ்-அடினோசில் மெத்தியோனின்) டிஎன்ஏவுக்கும் ஹிஸ்டோனுக்கும் மெத்தில் என்ற தொகுதியைத் தரும். டிஎன்ஏவிலிருந்து அந்த மெத்திலை நீக்க உதவும் டெட் (TET) நொதிகளுக்கு, கிரெப்ஸ் சுழற்சியில் உருவாகும் ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் வேண்டும். மூன்றுக்கும் அம்பு போட்டுவிடுங்கள்.

3. இங்கேதான் நிதானம் தேவை. குளுக்கோஸ் உடைந்து கிடைக்கும் பைருவேட்டிலிருந்து அசெட்டைல் கோ-ஏ உருவாவது மைட்டோகாண்ட்ரியாவுக்குள். அதன் உட்சவ்வை அது தாண்டாது. அதனால் உட்கருவுக்கு நேராக அம்பு போட்டால் படமே தவறு. அது ஆக்சலோஅசெட்டேட்டுடன் சேர்ந்து சிட்ரேட்டாகி வெளியே வரும். ஏடிபி சிட்ரேட் லையேஸ் என்ற நொதி அதை உடைத்து மறுபடி அசெட்டைல் கோ-ஏ ஆக்கும். இந்த நொதியைக் குறைத்தால் பாலூட்டிச் செல்களில் ஹிஸ்டோன் அசெட்டைலேற்றமும் குறைகிறது என்று 2009-இல் காட்டினார்கள். அசெட்டேட்டைச் சேர்த்தபோது அது மீண்டது. ஆகவே அசெட்டேட்டிலிருந்தும் ஒரு குறுக்குவழி வரையுங்கள். அப்புறம் உட்கருவுக்குள் நுழைவதில் சிக்கல் இல்லை, துளைகள் வழியே சிறு மூலக்கூறுகள் போய்வரும்.

கெக் (KEGG) என்ற இணையத் தரவுத்தளத்தின் படங்களில் எது செல்லின் எந்த அறையில் நடக்கிறது என்பது சரியாகத் தெரியாது. இந்தப் படிக்கு ரியாக்டோம் (Reactome) என்ற தரவுத்தளம்தான் என் தேர்வு.

4. இனி பழுதுநீக்கம். டிஎன்ஏ இழை அறுந்தால் பார்ப்-1 (PARP-1) என்ற நொதி ஓடிவந்து, செல்லில் எலக்ட்ரானைச் சுமக்கும் என்ஏடி+ மூலக்கூறுகளை வெட்டி, கிடைக்கும் ஏடிபி-ரைபோஸைச் சங்கிலியாகக் கோக்கும். மிஞ்சுவது நிக்கோட்டினமைடு. ஹிஸ்டோனிலிருந்து அசெட்டைலை நீக்கும் சர்ட்டுயின் நொதிகளும் அதே என்ஏடி+ இருப்பில்தான் கைவைக்கின்றன. சேதம் மிகுந்தால் பார்ப்-1 வாரிக்கொள்ளும், சர்ட்டுயின்களுக்குத் தட்டுப்பாடு. இரண்டு அம்புகளையும் ஒரே கட்டத்திலிருந்து கிளப்புங்கள்.

5. ஐடிஎச்1 (IDH1) நொதியின் மரபணுவில் சில புற்றுநோய்களில் காணும் திரிபால் ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டாக மாறி, டெட் நொதிகளைத் தடுக்கும். ஆல்க்பிஎச்2 (ALKBH2) என்ற டிஎன்ஏ பழுதுநீக்க நொதிக்கும் ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் தேவை என்பதால் அதற்கும் இடைஞ்சல்தான்.

பின்சேர்க்கை: இப்படி வரைந்து எனக்குப் படம் அனுப்பியவர்களில் பலர் பார்ப்-1 பக்கத்தில் 'என்ஏடி+ → என்ஏடிஎச்' என்று எழுதியிருந்தார்கள். அது வேறு கதை. என்ஏடிஎச் ஆகும்போது மூலக்கூறு உடைவதில்லை, எலக்ட்ரானை வாங்கித் திருப்பித் தரும். பார்ப்-1 வெட்டியதோ போனதுதான். நிக்கோட்டினமைடிலிருந்து நாம்ப்ட் நொதி வழியாகப் புதிதாகக் கட்ட வேண்டும். அந்தத் திரும்பும் அம்பையும் போட்டுவிடுங்கள்.