வீட்டு இசையறைக்கு டவர் ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் வாங்குவதென்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் மாடல்களின் பட்டியலோடுதான் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில், அறையின் அளவுகளோடு தொடங்குகிறவர்களே மனநிறைவோடு முடிக்கிறார்கள். நான் என் முதல் டவர் ஸ்பீக்கர்களை அவற்றின் கம்பீரமான தோற்றத்தைக் கண்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் எட்டு அங்குல வூஃபர்கள் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய கூம்புகள்) இரண்டு இருந்தன. கடையின் விசாலமான கூடத்தில் அவை மிக அழகாகப் பாடின. என் சிறிய அறையில் சுவரை ஒட்டினாற்போல் வைத்ததும், பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, குமுறலாகத் திரண்டு பாடகரின் குரலை விழுங்கிவிட்டது. ஸ்பீக்கரில் எந்தக் குறையும் இல்லை. அறைக்கும் அதற்கும் பொருத்தம் இல்லை. அந்தப் பொருத்தத்தை வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளும் வழியை, இதில் இப்போதுதான் அடியெடுத்து வைப்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: அறையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. இந்த 343-ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண்தான், நீளவாக்கில் அறை தானும் சேர்ந்து முழங்கத் தொடங்கும் மிகத் தாழ்ந்த அதிர்வெண். 4.3 மீட்டர் நீளமும் 3.4 மீட்டர் அகலமும் உள்ள அறையில் நீளவாக்கில் ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸிலும் அகலவாக்கில் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸிலும் இந்த முழக்கம் எழும். நான்கு தந்தி பாஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ் என்பதால், அந்த அறையில் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் பக்கத்து ஸ்வரங்களைவிடப் பெருத்து ஒலித்து, அடங்குவதற்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். நீளமும் அகலமும் சமமாக உள்ள சதுர அறையில் இரண்டு முழக்கங்களும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்துகொள்வதால் சிக்கல் இன்னும் கடுமையாகும்.

கணக்கோடு நிறுத்திவிடாமல் காதாலும் உணர்ந்து பாருங்கள். பாஸ் நன்றாக வரும் ஸ்பீக்கர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, அறையின் ஒரு கோடியில் வைத்து, உங்கள் கணக்கில் வந்த அதிர்வெண்ணில் ஒரே சீரான ஒலியை மிதமாக ஓடவிட்டு, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை மெல்ல நடந்து செல்லுங்கள். சுவருக்கருகில் நெஞ்சை அழுத்துவது போல் இருந்த ஒலி, நடுப்பகுதியை நெருங்க நெருங்க மெலிந்து, ஓரிடத்தில் யாரோ நிறுத்திவிட்டாற்போல் அடங்கிவிடும். இரண்டடி தள்ளிப் போனால் மீண்டும் தலைதூக்கும். இதை ஒருமுறை அனுபவித்தவர்கள் நாற்காலியை அறையின் நட்டநடுவிலும் போட மாட்டார்கள், பின்சுவரோடு ஒட்டியும் போட மாட்டார்கள்.

படி 2: அட்டைப்பெட்டிகளை நிறுத்திப் பாருங்கள்

நீங்கள் விரும்பும் ஸ்பீக்கரின் உயரத்துக்கும் அகலத்துக்கும் ஏற்ப இரண்டு அட்டைப்பெட்டிகளை அடுக்கி, அவை நிற்கப்போகும் இடத்தில் நிறுத்தி, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். கதவு முழுமையாகத் திறக்கிறதா, நடப்பவர்களுக்கு இடிக்கிறதா என்பதெல்லாம் இதில் தெரிந்துவிடும். இரண்டு பெட்டிகளும் உங்கள் நாற்காலியும் ஏறக்குறைய சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும்.

சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலான தூரம்தான் இங்கே முக்கியம். பாஸ் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுவதால், சுவர் அருகில் இருக்கும்போது திரும்பி வரும் ஒலி நேரடி ஒலியோடு சேர்ந்து பாஸைப் பெருக்குகிறது. மூலையில் வைத்தால் இரண்டு சுவர்களும் சேர்ந்து பெருக்கும். சற்று உயர்ந்த அதிர்வெண்களில் இதே திரும்பல் எதிராகவும் வேலை செய்யும். வூஃபர் பின்சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால், 143 ஹெர்ட்ஸ் அளவில் திரும்பி வரும் அலை நேரடி அலையைத் தேய்த்துவிடும். ஆண்குரலின் செறிவு குடியிருப்பது அந்தப் பகுதியில்தான். ஆகையால் ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல், பத்துப் பத்து செ.மீ. நகர்த்திப் பார்ப்பதற்கான இடம் அறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாஸ் துவாரம் (பெட்டிக்குள்ளிருந்து பாஸ் வெளிவரும் துளை) முன்புறம் இருந்தால் சுவரை ஒட்டி வைக்கலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். துவாரம் அடைபடும் சிக்கல் நீங்குமே தவிர, சுவர் பாஸைப் பெருக்குவது துவாரத்தின் திசையைப் பார்த்து நிற்பதில்லை. அரை மீட்டர்கூட ஒதுக்க முடியாத அறைக்கு, டவர் வேண்டும் என்ற ஆசையைச் சற்றே தள்ளிவைத்து, தாங்கியில் நிற்கும் நல்ல சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரை வாங்கச் சொல்வேன்.

படி 3: எந்த அளவு டவர் என்பதை முடிவு செய்யுங்கள்

கே.எல்.எச். என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவருள் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு. சிறிய பெட்டி, ஆழமான பாஸ், அதிக உணர்திறன் (குறைந்த வாட்டிலேயே உரத்த ஒலி) ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒருசேரப் பெற முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். டவர் ஸ்பீக்கர் பெட்டியைப் பெரிதாக்கி மற்ற இரண்டையும் பெறுகிறது. அதன் உயரத்துக்கு உண்மையான காரணம் இதுவே.

சிறிய அறைக்கு ஐந்து முதல் ஆறரை அங்குல வூஃபர்கள் கொண்ட ஒல்லியான டவர் பெரும்பாலும் போதுமானது. அறையே கீழ்ப்பகுதியில் கைகொடுக்கும். எட்டு அங்குல வூஃபர்கள் கொண்ட பெரிய டவர்களுக்குப் பெரிய அறையும், ஸ்பீக்கருக்கும் செவிக்கும் இடையே மூன்று மீட்டரோ அதற்கு மேலோ தூரமும் இருந்தால் நல்லது. ஒலி தரும் கூம்புகள் (யூனிட்கள்) மூன்று, நான்கு உள்ள டவரின் மிக அருகில் அமர்ந்தால் அவற்றின் ஒலிகள் ஒன்றாகக் கலப்பதற்கு முன்பே காதை அடைந்துவிடும்.

படி 4: விவரத்தாளில் நான்கு எண்களைப் படியுங்கள்

முதலாவது, சென்சிடிவிட்டி, அதாவது மேலே சொன்ன உணர்திறன். ஒரு மீட்டர் தூரத்தில், 2.83 வோல்ட் கொடுக்கும்போது எத்தனை டெசிபல் ஒலி வருகிறது என்பதே இந்த எண். 2.83 வோல்ட் என்பது 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதுவே இரண்டு வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரில் 90 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட்டுக்கு 87 என்று கொண்டுதான் ஒப்பிட வேண்டும். மூன்று டெசிபல் குறைந்தால் அதே ஒலிக்கு ஆம்ப்ளிஃபயர் இரு மடங்கு வாட் கொடுக்க வேண்டியிருக்கும். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட் போதுமென்றால், 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் தேவை.

இரண்டாவது, இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்ளிஃபயரின் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை; ஓமில் குறிக்கப்படும். இது அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும் எண் என்பதால், அச்சிட்ட 8 ஓமைவிட, மிகக் குறைந்த இடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதே முக்கியம். 3 ஓம் அளவுக்கு இறங்கும் ஸ்பீக்கரை வாங்குவதற்கு முன், உங்கள் ஆம்ப்ளிஃபயர் 4 ஓம் சுமைக்கு ஏற்றது என்று அதன் கையேட்டில் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, அதிர்வெண் வீச்சு. "35 ஹெர்ட்ஸ் முதல்" என்பதற்கு அருகில் மைனஸ் 3 டெசிபல், மைனஸ் 6 டெசிபல், மைனஸ் 10 டெசிபல் என எது இருக்கிறது என்று தேடுங்கள். அந்த அதிர்வெண்ணில் ஒலி எவ்வளவு குறைந்துவிட்டது என்பதை அது சொல்லும். எதுவுமே இல்லையென்றால் அந்த எண்ணை நம்பி ஒப்பிட முடியாது. நான்காவதான "200 வாட் வரை" என்பது தாங்கும் திறன் மட்டுமே. அதிலிருந்து ஒலியின் தரம் தெரியாது.

படி 5: சம ஒலியில் கேளுங்கள்

கேட்டுப் பார்க்கும்போது இரண்டு ஸ்பீக்கர்களின் ஒலியளவும் சமமாக இருக்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது நல்லதாகத் தோன்றுவது மனிதச் செவியின் இயல்பு. செல்பேசியில் உள்ள டெசிபல் அளவி துல்லியமாக இல்லாவிட்டாலும், ஒரே இடத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிட உதவும். கண்ணும் குறுக்கிடும். ஒலியியல் ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்களின் மதிப்பீடு, திரைக்குப் பின்னிருந்து கேட்டபோது மாறியது. முடிந்தால் நண்பரை மாற்றச் சொல்லிக் கண்ணை மூடிக் கேளுங்கள்.

நன்கு பழகிய குரல் ஒன்றோடு தொடங்குங்கள். மனிதக் குரல் எப்படி ஒலிக்கும் என்பதை நம் காது பிறந்ததிலிருந்து அறியும். "ச", "ஷ" எழுத்துகள் ஊசிபோல் குத்தினாலோ, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலிருந்தாலோ, அது நாள்போக்கில் சரியாகும் என்று எண்ணாதீர்கள். அடுத்து, பாட்டு ஓடும்போதே எழுந்து மெல்லப் பக்கவாட்டில் நகருங்கள். பக்கவாட்டில் செல்லும் ஒலிதான் உங்கள் சுவர்களில் பட்டுத் திரும்பி வரப்போகிறது. நகர நகர ஒலி சற்றே மங்கினால் தவறில்லை; குரலின் இயல்பே திடீரென்று மாறினால் அந்த ஸ்பீக்கர் உங்கள் அறையிலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கேளுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று கவர்ந்த ஸ்பீக்கர்களில் சில, முடிவதற்குள் காதைக் களைப்பாக்கியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வீட்டில் வைத்துக் கேட்க அனுமதியோ, திருப்பித்தரும் வசதியோ இருந்தால் கேட்டுப் பெறுங்கள்.

படி 6: வீட்டில் நிறுத்துதல்

சாதாரண நீளத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். சிவப்பு, கறுப்பு முனைகள் இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே மாதிரி இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தால் பாஸ் வற்றிவிடும். ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய யூனிட்) ஏறத்தாழ உங்கள் காதின் உயரத்தில் இருக்கட்டும். பிறகு ஸ்பீக்கர்களைச் சற்றே உள்நோக்கித் திருப்பி, ஒற்றைக் குரல் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் ஓர் ஆள் நின்று பாடுவது போல் குவியும் வரை கோணத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். குவிந்ததும் நான்கு கால்களைச் சுற்றியும் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். அடுத்த முறை தரையைத் துடைத்த பிறகு அதே இடத்தில் நிறுத்த அது உதவும்.