அல்ஜியர்ஸ் நகரச் சமர், 1956-57: காலவரிசை தயாரிக்கும் முறை

பிரான்சின் பிடியிலிருந்த அல்ஜீரியாவின் தலைநகரில் விடுதலைப் போராளிகளுக்கும் பிரெஞ்சு ராணுவத்துக்கும் நடந்த மோதல் இது. ஏ3 தாளைப் படுக்கைவாக்கில் வைத்து நான்கு பத்தி பிரியுங்கள்: தேதி, இடம், நடந்தது, பிரெஞ்சு அரசு உண்மையை ஒப்புக்கொண்ட தேதி. கடைசிப் பத்தி அகலமாக இருக்கட்டும். வேலை அதிகம் அங்கேதான்.

பலரும் 1956 செப்டம்பர் 30-ல் தொடங்குகிறார்கள். அல்ஜீரிய விடுதலைக்குப் போராடிய தேசிய விடுதலை முன்னணி வைத்த குண்டுகள் மில்க் பாரிலும் மிஷ்லே தெரு கஃபேடீரியாவிலும் வெடித்த நாள் அது. ஏர் பிரான்ஸ் அலுவலகத்தில் வைத்தது வெடிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் பொதுமக்கள், அதை மழுப்பாமல் எழுதுங்கள். ஆனால் அதையே முதல் வரியாக்கினால் பிறகு வந்த ராணுவம் வெறும் பதிலடி போலத் தெரியும். ஜூன் 19-க்குப் பின்னோக்கிப் போங்கள்: பார்பரூஸ் சிறையில் விடுதலைப் போராளி அகமது சபானாவின் தலை கில்லட்டினில் வெட்டப்பட்டது. ஆகஸ்ட் 10, அல்ஜீரியர் வாழ்ந்த பழைய நகர்ப்பகுதியான கஸ்பாவின் தீப்ஸ் தெருவில் ஐரோப்பியத் தீவிரவாதிகள் குண்டு வைத்தார்கள். இரண்டும் கட்டாயம் வேண்டும்.

1957-ன் முக்கியத் திருப்பங்களுக்கு நான்கு வரி போதும். ஜனவரி 7: அல்ஜீரியாவுக்கான பிரெஞ்சு அமைச்சர் லகோஸ்த் போலீஸ் அதிகாரத்தை ஜெனரல் மாசூவின் 10-வது பாராசூட் டிவிஷனிடம் ஒப்படைத்தார். ஜனவரி 28: எட்டு நாள் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது, படையினர் கடைக் கதவுகளைப் பெயர்த்துத் திறந்தார்கள். செப்டம்பர் 24: முன்னணியின் அல்ஜியர்ஸ் தளபதி யாசெஃப் சாதி கைது. அக்டோபர் 8: சாதியின் கூட்டாளி அலி லா புவான்த் ஒளிந்திருந்த வீடு தகர்ப்பு.

இடப் பத்தியில் தெருவின் பழைய பெயர், இன்றைய பெயர் இரண்டும் வேண்டும். இல்லாவிட்டால் இன்றைய வரைபடத்தில் தேடிச் சலித்துப்போவீர்கள். மிஷ்லே தெரு இன்று தீதூஷ் முராத் தெரு. இஸ்லி தெருவுக்கு முன்னணியின் தலைவர்களில் ஒருவரான லார்பி பென் மிதியின் பெயர்.

அந்த பென் மிதியே நான்காம் பத்திக்கு நல்ல உதாரணம். 1957 பிப்ரவரி 23-ல் பிடிபட்டார். மார்ச் தொடக்கத்தில் 'தற்கொலை' என்று அறிவித்தார்கள். தன் குழுதான் தூக்கிலிட்டது என்று பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஓசாரெஸ் 2001-ல் எழுதினார். பிரெஞ்சு அதிபர் ஒப்புக்கொண்டது 2024 நவம்பர் 1-ல். படையினர் பிடித்துச்சென்ற கணித ஆசிரியர் மோரிஸ் ஓதான் 'தப்பியோடினார்' என்றார்கள்: ஒப்புக்கொண்டது 2018. வழக்கறிஞர் அலி பூமென்ஜெல் 'தற்கொலை' என்றார்கள்: ஒப்புக்கொண்டது 2021. அன்றைய அறிவிப்பை எப்போதும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். 'நடந்தது' பத்தியில் அது சும்மா உட்கார்ந்தால், பிறகு படிப்பவர் உண்மை என்றே எடுத்துக்கொள்வார்.

காணாமல்போனோர் 3,024 என்பது அன்று அல்ஜியர்ஸ் போலீஸ் செயலராக இருந்த போல் தைத்ஜென் சொன்ன கணக்கு. வரலாற்றாசிரியர்களிடையே சர்ச்சை உண்டு. அவர் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள்.

அக்டோபர் 1957-க்குக் கீழே கால்வாசித் தாள் மிச்சம் வையுங்கள். 1960 டிசம்பர் 11 அங்கே வரவேண்டும்: முன்னணியின் அமைப்பே நொறுங்கிவிட்டதாகச் சொல்லப்பட்ட நகரத்தில் பெல்கூர் பகுதியிலிருந்து கூட்டம் அல்ஜீரியக் கொடியோடு தெருவுக்கு வந்தது.