அடிக்கேற்ப நாதம் மாறும் மிருதங்க டோன்: அரேஞ்சர் கீபோர்டில் அமைக்கும் முறை

மெல்லிசை மேடைகளில் அரேஞ்சர் கீபோர்டு (தாளத்தையும் பின்னணியையும் தானே வாசிக்கும் கீபோர்டு) வாசிப்பவர்கள் பென் டிரைவில் வாங்கி ஏற்றிக்கொள்ளும் மிருதங்க டோன்கள் (ஒலித் தொகுப்புகள்) பலவற்றிலும் ஒரே குறை தென்படுகிறது. மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தட்டினாலும் ஒலிப்பது அதே பதிவுதான். சத்தம் மட்டும் கூடிக் குறைகிறது. மிருதங்கம் அப்படிப்பட்ட வாத்தியம் அன்று. வலந்தலையில், அதாவது வலக்கைப் பக்கத்தில், மெதுவாக விழும் ‘நம்’ என்ற சொல் (அடி) சுருதியோடு இழைந்து நிற்கும்; அதையே ஓங்கி வாசித்தால் விரலின் வெடிப்பு முதலிலும் நாதம் அதன் பின்னும் கேட்கும். இந்த வேறுபாட்டைக் கீபோர்டுக்குள் கொண்டுவர, ஒரே சொல்லைப் பல அழுத்தங்களில் பதிவு செய்து, கீ இறங்கும் வேகத்தைப் பொறுத்து அவற்றில் ஒன்று ஒலிக்குமாறு அடுக்க வேண்டும். அந்த வேகத்தைக் கீபோர்டு 1 முதல் 127 வரையிலான எண்ணாக அளக்கிறது, அதுவே வெலாசிட்டி.

எத்தனை அடுக்கு என்பதைவிட அடுக்குகள் சந்திக்கும் இடம் எப்படி அமைகிறது என்பதே டோனின் தரத்தைத் தீர்மானிக்கிறது. தையல் தெரியும் எட்டு அடுக்கைவிடத் தையல் தெரியாத மூன்று அடுக்கு மேல்.

பதிவுக்கு முன் சுருதியை முடிவு செய்யுங்கள். டிரம் கிட்டாக, அதாவது கீக்கு ஒரு தனி அடி என்று, அமைத்த டோன் பொதுவாகச் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானுக்குக் கட்டுப்படாது. ஒரு கட்டையில் பதிவான மிருதங்கம், பாடகி ஐந்து கட்டைக்குப் போனாலும் ஒரு கட்டையிலேயே நிற்கும். சாதாரண டோனாக அமைத்தாலோ டிரான்ஸ்போஸ் செய்தவுடன் சொற்கள் தங்கள் கீயை விட்டு நகர்ந்துவிடும். ‘தொம்’ இருந்த இடத்தில் வேறொரு சொல் கேட்கும். எனவே டிரம் கிட்டாக அமைத்து, வேண்டிய சுருதிகளுக்கு அதன் நகல்களை எடுத்து, ஒவ்வொன்றின் சுருதியையும் தனியே ஏற்றி இறக்கி வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டு அரைச்சுரங்களுக்கு மேல் ஏற்றினால் தோலின் குணம் கெட்டு, வாத்தியம் பொம்மைபோல ஒலிக்கத் தொடங்கும் என்பதால், தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம் ஒன்றும் ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம் ஒன்றும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். மார்கழியில் வித்வான்களின் நேரம் கிடைக்காது. மற்ற மாதங்களில் உரிய ஊதியம் பேசி, எதற்காகப் பதிவு செய்கிறோம் என்பதையும் சொல்லி அழைப்பதே முறை. வெளிவந்த ஒலிப்பதிவிலிருந்து அடிகளை வெட்டி எடுப்பது உரிமைச் சிக்கலைத் தரும். அதில் மற்ற வாத்தியங்களின் கசிவும் எதிரொலியும் கலந்திருப்பதால் டோனும் தேறாது.

சென்னையில் அடுக்குமாடி வீட்டில் பதிவு செய்வதென்றால் விடியற்காலையே உகந்தது. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஏசி ஓடும் அறையில் இறுகி ஏறும். ஏசியை முன்கூட்டியே ஓட்டி, மிருதங்கத்தை அறையின் பதத்துக்குப் பழகவிட்டு, பதிவின்போது ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட வேண்டும். தொப்பியில், அதாவது இடக்கைப் பக்கத்தில், அப்பிய ரவை காயக் காய ‘தொம்’ மேலே ஏறிக்கொண்டே போகும். அதனால் தொப்பிச் சொற்களை ஒரே மூச்சில் எடுத்துவிட்டுப் பிறகு வலந்தலைக்குப் போவது பாதுகாப்பானது. மின் இணைப்பின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டுங்கள், எர்த்தைச் சரிபாருங்கள். பிறகு வடிகட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், வடிகட்டும்போது ‘தொம்’மின் அடிநாதமும் சேர்ந்து போய்விடும்.

வித்வானிடம் ‘மெதுவாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, பலமாக ஒன்று’ என்று கேட்பதில் பயனில்லை. கை அப்படி அளந்து விழாது. ஒரே சொல்லை மிக மெல்லத் தொடங்கிப் படிப்படியாக உச்சம்வரை, ஒவ்வொரு அடியின் நாதமும் முழுவதும் அடங்கிய பிறகே அடுத்ததை வாசிக்கும்படி, இருபது இருபத்தைந்து முறை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அவற்றைச் சம சத்தத்துக்குக் கொண்டுவந்து வரிசையாகக் கேட்டால் குணம் எங்கெங்கே மாறுகிறது என்பது காதுக்குத் தெரியும். மாறும் இடத்திற்கு ஓர் அடுக்கு போதும். ‘நம்’முக்கு நான்கு தேவைப்படலாம், ‘சாபு’வுக்கு மூன்று, ‘கி’ போன்ற அடைத்த சொல்லுக்கு இரண்டே போதும். எல்லாச் சொல்லுக்கும் ஒரே எண்ணிக்கை வைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

வெட்டும்போது, எல்லா அடுக்கிலும் அடியின் தொடக்கம் கோப்பின் தொடக்கத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் மெல்ல வாசிக்கும் அடிகள் மட்டும் பின்தங்கி, காலப்பிரமாணமே தள்ளாடுவதுபோல் தோன்றும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்ற அளவில் ஒரு விநாடிக்கு 88,200 பைட் ஆகிறது. பத்துச் சொற்கள், சொல்லுக்கு நான்கு அடுக்கு, அடுக்குக்கு மூன்று விநாடி என்று கணக்கிட்டாலும் சுமார் 10.6 மெகாபைட்தான். யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 கீபோர்டில் இதற்கென உள்ள இடம் ஏறத்தாழ 1 ஜிகாபைட் என்பதால் கஞ்சத்தனம் வேண்டியதில்லை. ஆயினும் ஸ்டீரியோவில் எடுக்க வேண்டாம். பல கீபோர்டுகளில் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களில் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு செலவாகி, ஸ்டைல் (கீபோர்டு தானே வாசிக்கும் தாளப் பின்னணி) ஓடும்போது வேறு ஒலிகள் அறுபடலாம்.

இனி சத்தத்தின் அளவு. தையல் தெரிவது பெரும்பாலும் இங்கேதான். மெல்லிய அடி பதிவிலேயே மெல்லியதாக இருக்க, கீபோர்டும் குறைந்த வெலாசிட்டிக்குச் சத்தத்தைக் குறைத்தால், குறைப்பு இரண்டு முறை நிகழ்ந்து, அடுக்கு மாறும் எண்ணில் சத்தம் குதிக்கும். எல்லா அடுக்குகளையும் காதுக்குச் சமமாகக் கேட்கும் அளவுக்குக் கொண்டுவந்து, ஏற்ற இறக்கத்தைக் கீபோர்டின் வெலாசிட்டி அமைப்பிடமே ஒப்படைப்பதுதான் எளிய வழி. மென்பொருளின் நார்மலைஸ் கட்டளை பொதுவாக உச்சத்தை மட்டுமே அளப்பதால் அதை நம்பாமல் காதால் சமன் செய்யுங்கள்.

எல்லை எண்களை வகுக்குமுன் உங்கள் கையை அளந்துகொள்ளுங்கள். கீபோர்டை யுஎஸ்பி வழியே கணினியில் இணைத்து, மேடையில் வாசிப்பதுபோல் சில நிமிடம் வாசித்து, பதிவான மிடி வெலாசிட்டி எண்களைப் பாருங்கள். 127ஐ நான்காகச் சமமாகப் பிரித்தால், ஒருபோதும் வாசிக்காத அடிமட்ட எண்களுக்கு ஓர் அடுக்கு வீணாகும். உங்கள் அடிகள் 60க்கும் 110க்கும் இடையில் கூடி நின்றால் 1–64, 65–84, 85–104, 105–127 என்பதுபோல் பிரியுங்கள். தாள வாத்தியத்தில் இரண்டு அடுக்குகளைக் கலந்து ஒலிக்கவிட வேண்டாம். இரு அடிகளின் அலைகள் மோதி நாதம் மெலியும்.

யமஹாவில் இந்த வேலை கணினியில் எக்ஸ்பேன்ஷன் மேனேஜர் மென்பொருளில் நடக்கிறது. கோர்க் பிஏ வரிசையின் பல மாடல்களில் கீபோர்டிலேயே சாம்பிளை ஏற்றி அடுக்கலாம். திறந்த ‘தொம்’மையும் அடைத்த தொப்பிச் சொல்லையும் ஒன்றையொன்று அறுக்கும் ஒரே குழுவில் சேர்த்துவிடுங்கள், ஹை-ஹேட்டுக்கு உள்ள அதே வசதி இது. யமஹாவில் புதிய பேக்கை (டோன்களின் தொகுப்பை) நிறுவினால் முன்பு நிறுவியது அழிந்துவிடும். ஆகவே வேண்டிய அனைத்தையும் ஒரே பேக்காகத் திரட்டியபின் நிறுவுங்கள்.

இந்த டோனை ஸ்டைலுக்குள் வைத்தால் அதில் எழுதப்பட்ட வெலாசிட்டி எண்களே அடுக்கைத் தேர்ந்தெடுக்கும். அவை அனைத்தும் 100ஐ ஒட்டியே இருந்தால் மெல்லிய அடுக்குகள் ஒருபோதும் ஒலிக்கா. ஸ்டைலின் எண்களைத் திருத்தினால்தான் நடை உயிர்பெறும். மேடையிலோ, கீ அழுத்தத்தைக் கீபோர்டு உணரும் விதத்தை மாற்றும் டச் அமைப்பை வேறு யாரேனும் ஹார்டுக்கு மாற்றியிருந்தால் மேல் அடுக்கு எளிதில் வராது, முழுவதும் அணைத்திருந்தால் ஒரே அடுக்குதான் வரும். சவுண்ட் செக்கின்போது ‘நம்’ கீயை மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று தட்டிப் பார்த்து, மூன்றும் வேறாகக் கேட்காவிட்டால் முதலில் டச் அமைப்பைத் திறந்து பாருங்கள்.